எந்தப் பிள்ளை?

நான் பிள்ளை என்று சொன்னால் சாலைக் கம்போளக் கடைத்தெருவில் யாரும் மறுகேள்வி கேட்பதில்லை. மூன்று மாடிப் பாத்திரக் கடை, வாசலில் ஆள் உயரத்துக்குப் பெயர்ப்பலகை, கல்யாண வீடுகளுக்கு வாடகைக்குப் போகிற உருளியும் வார்ப்பும் ஏற்ற இரண்டு வண்டி. இத்தனையும் வைத்திருப்பவன் தன்னைப் பற்றி என்ன சொன்னாலும் சரியாகத்தான் இருக்கும் என்று உலகம் எடுத்துக்கொள்ளும். அவர் ஒருவர்தான் கேட்டார்.

"எந்தப் பிள்ளை?"

அன்றைக்கு மூக்கு வைத்த வெண்கலக் கிண்டி ஒன்று வாங்க வந்திருந்தார். கிண்டியைத் தட்டிப் பார்த்தார். காதருகே வைத்துக்கொண்டு மறுபடியும் தட்டினார். அடிப்பாகத்தை நகத்தால் சுரண்டினார். பிறகு பில்லில் அச்சடித்திருந்த என் பெயர்மேல் அதே நகத்தை வைத்துக்கொண்டு, கிண்டியைப் பார்த்த பார்வையை மாற்றாமல் என்னைப் பார்த்தார்.

"பிள்ளைன்னா பிள்ளைதான் சார்," என்றேன்.

"அப்படிச் சொல்லப்பிடாது ஓய். அரிசின்னா அரிசிதான்னு சொல்லுவேரா? சம்பா உண்டு, புழுங்கல் உண்டு, ரேஷன் உண்டு."

கடைப் பையன்கள் சிரித்துவிட்டார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. என்னை ரேஷன் என்கிறாரோ என்று சந்தேகம். அந்தச் சந்தேகத்தில்தான் எங்கள் பழக்கம் தொடங்கியது, அது தீர்ந்தபாடில்லை. அவர் போய்ச் சேர்ந்து விட்டார், இனி கேட்கவும் முடியாது.

அவர் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் படிக்கிறவர்களில் யாராவது அது எந்தப் பிள்ளை என்று விசாரிப்பார்கள். கரமனையில் ஆற்றுக்கு இறங்குகிற வழியில் சொந்த வீடு, சர்க்கார் ஆபீசில் சூப்பிரண்டாக இருந்து ஓய்வு, பூர்வீகம் நாஞ்சில் நாடு. இவ்வளவு போதும். நான் அவரை சார் என்று கூப்பிட்டேன். அவர் என்னை ஓய் என்றார், நீர் என்றார். வயதில் நான் இரண்டு வருஷம் மூத்தவன் என்பது தெரிந்த பிறகும் ஓய்தான்.

வாரத்தில் இரண்டு மூன்று நாள் கடைக்கு வந்து ஸ்டூலைப் போட்டு உட்காருவார். வாங்க ஒன்றும் இருக்காது. வருகிற போகிற ஆட்களைப் பார்ப்பார். பில் போடும்போது பெயர் கேட்போம் இல்லையா, அந்த நேரத்தில் அவர் காது நீளும். வந்தவர் பிள்ளை என்று சொல்லிவிட்டால் தீர்ந்தது.

"எந்த ஊரு?"

"கொல்லம்."

"கொல்லத்துலே எங்கே? உங்க சாஸ்தா எங்கே இருக்காரு?"

சாஸ்தா என்பது விளையாட்டுக் கேள்வி இல்லை. அவர் ஊர்ப்பக்கத்து மனிதர்களில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு சாஸ்தா கோயில் உண்டு. எந்த ஊருக்குக் குடி மாறினாலும் பங்குனி உத்திரத்தன்று அங்கே போய்ப் பொங்கலிட்டுக் கும்பிட வேண்டும். சாஸ்தாவைச் சொன்னால் ஊர் தெரிந்துவிடும், ஊர் தெரிந்தால் உறவு தெரிந்துவிடும். பொய் சொல்ல முடியாத கேள்வி என்று அவர் நம்பினார்.

என்னிடமும் கேட்டார். "எஸ்டேட்லே முனியாண்டி இருந்தாரு சார். மாசம் ஒரு கோழி," என்றேன்.

"முனியாண்டியா," என்றார். அந்த 'யா'வில் இருந்த சந்தேகத்தை நிறுத்துப் பார்த்தால் ஒரு அண்டா எடை இருக்கும்.

என் கதையை நான் யாரிடமும் மறைத்தவன் இல்லை. போனக்காடு தேயிலை எஸ்டேட்டில் பிறந்தேன். என் அப்பா அங்கே ஆள் பேர் எழுதுகிற கணக்கப்பிள்ளை. எஸ்டேட் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு. அதற்குமேல் படித்திருந்தால் இவரைப் போல ஒரு ஆபீசில் மூலை மேசை கிடைத்திருக்கும். படிக்காததால் கடை கிடைத்தது. மலை இறங்கி வந்து, சாலையில் அண்டா சுமந்து, அண்டா விற்று, இன்றைக்கு அண்டா என்றால் என் கடை என்று ஆகியிருக்கிறது. யாருடைய தயவும் இல்லை. இதை நான் சொல்லும்போதெல்லாம் எல்லாரும் வாயைப் பிளந்து கேட்பார்கள். அவர் ஒரு இடத்தில் மட்டும் கையைத் தூக்கி நிறுத்துவார்.

"கணக்கப்பிள்ளைன்னீரே, அது உத்தியோகம் அல்லே? பிறந்தப்பவே பிள்ளையா, கணக்கு எழுதினதுக்குப் பின்னே பிள்ளையா?"

"அப்பாட்ட நான் கேக்கல்லே சார்."

"கேட்டிருக்கணும்."

பிள்ளை என்பதைப் பற்றி அவர் பேச ஆரம்பித்தால் கடையில் வியாபாரம் நடக்காது. "ஒரு குடை இருக்கு, அதுக்கடியிலே பத்து பேரு நிக்கான். பத்து பேரும் ஒரே வீட்டான்னு நினைக்கப்பிடாது," என்று தொடங்குவார். ராஜா பட்டம் கொடுத்துப் பிள்ளையான நாயர்மார். வயல் வைத்துப் பிழைத்த நாஞ்சில் நாட்டு வேளாளர். மீன் வாடை பட்டால் எழுந்து போய்விடுகிற திருநெல்வேலிச் சைவர். கப்பலேறிப் போன இடத்தில் வெள்ளைக்காரன் எழுதினபடியே பெயரை வைத்துக்கொண்டவர்கள். கடைசியாக, எஸ்டேட்டில் கணக்கு எழுதி, மகன் காலத்தில் கணக்கை உதறிவிட்டுப் பிள்ளையை மட்டும் வைத்துக்கொண்டவர்கள். இந்தக் கடைசி வகையைச் சொல்லும்போது கூரையைப் பார்த்துக்கொள்வார். என்னைப் பார்க்க மாட்டார். பார்த்திருந்தால்கூட எனக்குக் கோபம் வந்திருக்காது.

வீட்டில் பழைய டெலிபோன் டைரக்டரி ஒன்று வைத்திருந்தார். டெலிபோனே போன பிறகும் அதை விடவில்லை. அதில் பிள்ளைகள் பக்கம் பக்கமாக வருவார்கள். ஒவ்வொரு பெயருக்கும் ஓரத்தில் பென்சில் குறி. தீர்மானமானவர்களுக்கு ஒரு கோடு, சம்சயம் உள்ளவர்களுக்கு ஒரு சுழி. கரமனையிலும் வலியசாலையிலும் கோடு அதிகம். பட்டணம் வளர வளரச் சுழி பெருகியது. "ஊரு முழுக்க சுழியாட்டு ஆயிப்போச்சு ஓய்," என்று ஒருநாள் உண்மையாகவே வருத்தப்பட்டார். ஆற்றில் வெள்ளம் ஏறுவதைச் சொல்கிற மாதிரி சொன்னார்.

சந்தேகம் எனக்கும் புதிதல்ல. பித்தளைக்கு முலாம் பூசி வெண்கலம் என்று தலையில் கட்டப் பார்க்கிறவர்கள் நடுவில் வளர்ந்தவன். ஆனால் நான் சந்தேகப்படுவது சரக்கை. அவர் சந்தேகப்பட்டது சரக்கின்மேல் ஒட்டியிருக்கிற சீட்டை.

அவர் தெருவுக்கு ஒரு பேங்க் மேனேஜர் குடிவந்தார். வாசலில் பிள்ளை என்று பலகை. இவர் போய்ச் சிரித்துப் பேசி, காய்த்த முருங்கைக்காயைக் கொடுத்து, குடும்பத்தோடு பழகி, மாதக்கணக்கில் நண்பராக இருந்தார். சாஸ்தாவைக் கேட்டபோது அவர் "திருநெல்வேலிப் பக்கம்" என்று மழுப்பியிருக்கிறார். போதாதா. பங்குனி உத்திரம் வந்தது. விடியக்காலை மேனேஜர் குடும்பத்தோடு காரில் கிளம்ப, இவர் முன்கூட்டியே பேசிவைத்திருந்த ஆட்டோவில் பின்னாலேயே போயிருக்கிறார். கார் திருநெல்வேலி ரோட்டுக்குத் திரும்பவில்லை. கோவளத்துக்குப் போனது.

"நான் தென்னைமரத்துக்குப் பின்னாலே நின்னு நோக்கினேன்," என்று அன்று மத்தியானமே கடைக்கு வந்து சொன்னார். வேட்டி முழுக்க மணல். "சாஸ்தாவுக்குப் பொங்கலிடுக நாளிலே குடும்பத்தோட ஐஸ்கிரீம் தின்னுகிட்டு நிக்கான்."

"லீவு நாள் சார், போயிருப்பாரு."

"நீரு சும்மாயிரும். அவன் சுழி."

"நீங்க உங்க சாஸ்தா கோயிலுக்குப் போனேளா?"

அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும். ஆட்டோவில் பின்தொடர்கிற அவசரத்தில், தன் வாழ்நாளில் முதல்தடவையாக அவர் போகவில்லை. மூன்று மணிக்கு பஸ் பிடித்து நாகர்கோவில் பக்கம் ஓடினார். போய்ச் சேர்ந்தபோது நடை சாத்தியிருந்ததாம். மேனேஜர்மேல் அந்தக் கோபம் கடைசிவரை போகவில்லை.

இதையெல்லாம் சொல்லும்போது அவரை ஒரு கோமாளி என்று நினைத்துவிடக்கூடாது. என் கடையின் பின்பக்கச் சுவரை இடிக்கச் சொல்லி கார்ப்பரேஷன் நோட்டீஸ் வந்தபோது, மலையாளத்தில் மனு எழுதி, என்னையும் கூட்டிக்கொண்டு மேசை மேசையாக ஏறி இறங்கி, சுவரை நிற்க வைத்தவர் அவர்தான். என் வீட்டுக்காரி மெடிக்கல் காலேஜில் கிடந்தபோது தினமும் கஞ்சி கொண்டுவந்தார். அந்தக் கஞ்சிப் பாத்திரத்தை வைத்துக்கொண்டே பக்கத்துக் கட்டில்காரர் எந்தப் பிள்ளை என்று விசாரித்தார் என்பதும் உண்மை.

அவள் போனபோது முதலில் வந்து நின்றவர் அவர். தைக்காட்டு மயானத்துக்குத் தூக்கிப் போகையில் பாடையின் ஒரு பக்கம் அவர் தோள். இவரை நான் எப்படித் தப்பாக நினைத்தேன் என்று அந்த வழி முழுக்க நினைத்துக்கொண்டு நடந்தேன். சுடுகாட்டில் மகன் தோளில் கொள்ளிக்குடத்தை வைத்துச் சுற்ற ஆரம்பித்தான். தற்செயலாகத் திரும்பினேன். எல்லார் கண்ணும் நனைந்திருந்தது. அவர் கண் மட்டும் குடத்தின்மேல் இருந்தது. எந்தத் தோள், எந்தப் பக்கமாகச் சுற்று, யார் குடத்தைக் கொத்துகிறார், வாய்க்கரிசி யார் முதலில் போட்டார் என்று, பரீட்சைக்குப் படிக்கிற மாணவன் மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார். என் சம்சாரத்தின் சாவிலிருந்து நாங்கள் யார் என்று கண்டுபிடிக்கப் பார்க்கிறார்.

அதன் பிறகு நான் அவரோடு பல மாதம் பேசவில்லை. அவர் வருவதை நிறுத்தவில்லை. வந்து ஸ்டூலில் உட்கார்ந்து, பேசாமல் இருந்து, பேசாமல் போனார். கடைசியில் நான்தான் டீ சொன்னேன்.

இந்த மனிதரின் ஒரே மகளைத்தான் என் மகன் கட்டவேண்டும் என்றான்.

என் மகன் எம்.டெக். ஐந்தாம் வகுப்பின் மகன் எம்.டெக். என்றால் அதற்கு யார் காரணம் என்று சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அந்தப் பெண்ணும் அதே ஐ.டி. கம்பெனி. ஆபீசில் பழக்கம். தாயில்லாப் பெண், அப்பாவை உயிராக நினைக்கிறவள். ஒருநாள் நேராகக் கடைக்கு வந்துவிட்டாள்.

"அங்கிள், அப்பா நோ சொல்லல்லே. யெஸ்ஸும் சொல்லல்லே. 'அன்வேஷிக்கட்டே'ன்னாரு."

"விசாரிக்கட்டும். நல்லதுதானே மோளே."

"எத்தனை நாள்னு தெரியாது அங்கிள். அப்பா சம்மதிக்காம நான் ரெஜிஸ்டர் ஆபீசுக்கெல்லாம் வரமாட்டேன். அப்பாவை ஒத்தைக்கு விட்டுட்டு என்னாலே முடியாது. உங்க மகன்ட்ட சொல்லிட்டேன்."

சொன்ன விதத்தில் அழுகை இல்லை, அதனால்தான் எனக்குப் பயமாக இருந்தது. இந்தப் பெண் செய்வேன் என்றால் செய்வாள், மாட்டேன் என்றால் மாட்டாள்.

விசாரணை நடந்தது. அந்த வயதில் பஸ்ஸில் விதுரை போய், அங்கிருந்து ஜீப் பிடித்துப் போனக்காடு ஏறி, கூலிக்காரர் லயத்தில் மிச்சமிருக்கிற கிழவன் கிழவிகளைத் தேடிப் பிடித்து என் அப்பாவைப் பற்றிக் கேட்டிருக்கிறார். காலில் அட்டை கடித்த புண்ணோடு வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"உமக்க அப்பா நல்ல மனுஷன்னு எல்லாரும் பறயுகா. ஆள் பேரு எழுதுகதுலே ஒரு கள்ளம் கிடையாதாம். ஆனா எங்கேயிருந்து மலை ஏறினாருன்னு ஒருத்தருக்கும் தெரியல்லே. அதாக்கும் எனக்கு சம்சயம்."

"நல்ல மனுஷன்னு தெரிஞ்சா போதாதா சார்?"

"அதுவேற, இதுவேற."

கொஞ்ச நாள் கழித்து மத்தியானம் ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து வந்தார். மடியிலிருந்து ஒரு சின்ன பிளாஸ்டிக் குழாயை எடுத்தார்.

"அமெரிக்காவிலேருந்து அண்ணன் மகன் கொண்டுவந்தது. சுகர் டெஸ்ட். புதுசு. ரத்தம் வேண்டாம், எச்சில் மதி. உமக்கு சுகர் உண்டல்லே, துப்பும்."

நான் வெற்றிலை போட்டிருந்தேன். "சிவப்பா வருமே."

"அய்யோ கூடாது. வாயைக் கழுவும். அரை மணிக்கூர் ஒண்ணும் தின்னப்பிடாது."

சர்க்கரை பார்க்க எச்சிலா. என்னை யார் என்று நினைத்தார். தினமும் பத்துப் பேர் என்னை ஏமாற்றப் பார்க்கிறார்கள், ஒன்பது பேரை வாசலிலேயே கண்டுபிடித்துவிடுவேன். எச்சிலிலிருந்து வம்சம் பார்க்கிற சமாசாரத்தை என் மகன் ஏற்கெனவே செல்போனில் காட்டியிருக்கிறான். இரண்டு குழாய் வந்ததாம், ஒன்று அவருக்கு, ஒன்று மகளுக்கு. மகளுடையதை அவளுக்குத் தெரியாமல் எனக்குக் கொண்டுவந்திருக்கிறார் என்பது பின்னால் தெரிந்தது. அப்போதே சட்டையைப் பிடித்திருக்கலாம். நான் வாயைக் கழுவிவிட்டு உட்கார்ந்தேன். அரை மணி நேரம் அவர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். என் எச்சிலுக்கு நான் பயப்பட வேண்டிய அவசியம் இல்லை. கோடு வரை நிறைத்துக் கொடுத்தேன்.

"நுரை கூடிப்போச்சு," என்றார் குழாயை வெளிச்சத்தில் பிடித்து. அதிலும் சந்தேகம்.

இரண்டு மாதம் போல ஆகியிருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அந்தப் பெண் போன் செய்து வீட்டுக்கு வரச் சொன்னாள். போனேன். நடுக்கூடத்தில் மேசைமேல் லேப்டாப் திறந்திருந்தது. அவர் நாற்காலியில் இருந்தார். அவள் நின்றுகொண்டிருந்தாள்.

"ஸாரி அங்கிள். உங்களிட்ட சுகர் டெஸ்ட்டுன்னு சொன்னாராமே."

"எனக்குத் தெரியும் மோளே. தெரிஞ்சுதான் துப்பினேன்."

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். ஏமாற்றினதாக நினைத்து ஏமாந்தவர் முகம்.

முதலில் ஒரு படம் காட்டினாள். இந்தியா மேப்பின் தெற்குப் பக்கம் முழுக்க ஒரே பச்சை. "இதாக்கும் அப்பா. இதாக்கும் அங்கிள்." அதற்கும் இதற்கும் ஒரு வித்தியாசமும் எனக்குத் தெரியவில்லை.

"இந்த மெஷினுக்குப் பிள்ளை தெரியல்லே, நாயரு தெரியல்லே, சைவம் தெரியல்லே," என்றார் அவர். "எல்லாருக்கும் ஒரே நிறம் அடிச்சு வெச்சிருக்கான். இதுக்குப் போயி அமெரிக்கா வரைக்கும் துப்பி அனுப்பணுமா?"

"அடுத்ததையும் சொல்லுங்கப்பா."

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவளே சொன்னாள். யார் யாருக்கு ரத்த உறவு என்று அது ஒரு வரிசை போடுமாம். அவருடைய வரிசையில் அண்ணன் மகனுக்கு அடுத்தபடி என் பெயர். "செகண்ட் கஸின்னு வருது அங்கிள். உங்க தாத்தா பாட்டியிலே ஒருத்தரும் அப்பாவோட தாத்தா பாட்டியிலே ஒருத்தரும் கூடப் பிறந்தவங்க."

எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியைச் சொல்ல முடியாது. நாற்காலியை இழுத்துப்போட்டு அவருக்கு எதிரே உட்கார்ந்தேன். "இப்போ என்ன சார் சொல்லுகேள்? கோடா, சுழியா?"

அவர் சிரிக்கவில்லை. "எந்த வழியிலே?" என்றார்.

"என்ன எந்த வழி?"

"அப்பன் வழியிலே ஒண்ணுன்னா நீரும் நானும் பங்காளி. அண்ணன் தம்பி. அப்போ எனக்க மகளும் உமக்க மகனும் யாரு? அண்ணன் தங்கச்சி. தாலி கட்ட முடியுமா? மாமன் மச்சான் வழின்னா தாராளமாட்டு நடத்தலாம். எது வழி?"

"அதை அது சொல்லாதுப்பா," என்றாள் மகள்.

"அதான். சொல்லவேண்டியதைச் சொல்லாது."

"அப்பா, மதி. போதும்."

அவள் லேப்டாப்பை மூடிவிட்டு உள்ளே போனாள். கதவைச் சாத்தின சத்தம்கூட வரவில்லை. இத்தனை வருஷம் நான் அந்நியன் என்பது தடை. இப்போது சொந்தக்காரன் என்பது தடை. இந்த மனிதரிடமிருந்து இந்தப் பெண்ணுக்கு விடுதலையே கிடையாதா.

அவர் எழுந்து போய் விளக்கைப் போட்டார். பகல் பதினோரு மணிக்கு எதற்கு விளக்கு என்று பார்த்தேன். சுவரில் ஒரு பழைய படத்தின்மேல் வெளிச்சம் விழுந்தது. தலைப்பாகை, அங்கவஸ்திரம், முறுக்கின மீசை. அவர் படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி படத்தைப் பார்த்தார். ஏன் விளக்கைப் போட்டார் என்று எனக்குப் புரிந்துவிட்டது. நான் படத்தைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இது எங்க காரணவர்," என்றார். "எனக்க அம்மைக்கு அம்மை உண்டல்லே, அவளுக்க அண்ணன். அந்தக் காலத்துலே எங்களுக்கு மருமக்கள் வழி. அம்மை வழியிலே வாறதுதான் குடும்பம், அம்மைக்க அண்ணனாக்கும் அதிகாரம். இவரு கல்யாணம் கட்டல்லே. சம்பாதிச்சது பூரா தங்கச்சி மக்களுக்குக் குடுத்தாரு. இந்த வீடு இவரு போட்டது. பிரம்மச்சாரி. நாகர்கோவில்லே எனக்க தங்கச்சி வருஷாவருஷம் இவருக்குப் படைப்பு வைக்கா."

"பெரிய மனுஷன்."

"எஸ்டேட்டுகளுக்கு அரிசி சப்ளை எடுத்திருந்தாரு." சற்று நிறுத்தினார். "போனக்காட்டுக்கும்."

அவர் படத்தின் கண்ணாடியை மேல்துண்டால் துடைத்தார்.

"எனக்க அப்பா பக்கத்துலே ஒருத்தன்கூட அந்த மலைப்பக்கம் போனவன் இல்லே. விசாரிச்சாச்சு. போனது இவரு ஒருத்தருதான். மாசத்துலே பத்து நாள் மலையிலே." அவர் குரல் தணிந்தது. "உமக்க அப்பனுக்க கதையெல்லாம் தோண்டினேன். அம்மைக்க கதையை ஒருநாளும் கேக்கல்லே, அல்லே?"

"இல்லே."

"அம்மை வழிக் குடும்பத்துலே வந்தவனாக்கும் நான். எனக்குத் தோணல்லே பாத்தேரா. பேரு அப்பன்கூடப் போகும், அதுக்குப் பின்னாலேயே நானும் போயிட்டேன். உமக்க அம்மை எந்த ஊரு?"

"போனக்காடுதான். அங்கேதான் பிறந்தா. அவளைப் பெத்தவ கொளுந்து பறிச்சவ."

"அம்மைக்க அப்பன்?"

நான் வியாபாரி. என்ன கேட்டாலும் என் நாக்கு நுனியில் பதில் நிற்கும். அந்த நேரத்தில் ஒரு வார்த்தை போதும். அரிசி கொண்டுவந்த மீசைக்காரர் என்று அம்மை சொல்லியிருக்கிறாள் என்றால் தீர்ந்தது. என் அம்மை அந்தக் காரணவர் மகள் என்றால், அவள் இவர் அம்மைக்கு மாமன் மகள், இவருக்கு அத்தை முறை, நான் அத்தை மகன். கல்யாணத்துக்கு நாள் குறிக்கலாம். மலையிலிருந்து எழுந்துவந்து இல்லை என்று சொல்ல யாரும் மிச்சமில்லை. அவர் காத்துக்கொண்டிருந்தார். அவர் கண் நான் என்ன சொல்லப்போகிறேன் என்பதில் இல்லை, எப்படிச் சொல்லப்போகிறேன் என்பதில் இருந்தது. சுடுகாட்டில் குடத்தைப் பார்த்த கண்.

"தெரியாது சார்," என்றேன். "அம்மை சொன்னதில்லே. நானும் கேட்டதில்லே. கேட்டா அவ முகம் எப்படிப் போகும்னு எனக்குத் தெரியும்."

"ஒரு பேரு சொல்லியிருக்கலாமே ஓய்."

"சொன்னா நம்பியிருப்பேளா?"

"இல்லே."

அவர் விளக்கை அணைத்தார். "சாஸ்தாவைக் கேட்டா சாஸ்தாவைச் சொல்லுவான். ஊரைக் கேட்டா ஊரைச் சொல்லுவான். எல்லாவனுக்கும் எல்லாம் தெரியும். தெரியாதுன்னு ஒருத்தன் இன்னைக்குத்தான் சொல்லுகான்." இதை என்னிடம் சொன்னாரா, படத்திடம் சொன்னாரா என்று தெரியவில்லை. பிறகு, "பங்காளின்னு வெச்சா எல்லாம் அப்படியே இருக்கும். இவரு பிரம்மச்சாரியாட்டு இருப்பாரு. தங்கச்சி படைப்பு வைப்பா. மச்சான்னு வெச்சா இவரை நான் இறக்கணும்," என்றார்.

"உங்க மகளை நினைச்சுக்கிடுங்க."

"அவளை நினைக்காமலா."

நான் வந்துவிட்டேன். அதன் பிறகு அவர் கடைப்பக்கம் வரவில்லை. ஸ்டூல் காலியாக இருந்தது. என் மகன் வீட்டில் சாப்பிடுவது குறைந்தது. எனக்கோ ராத்திரி பகல் ஒரே சந்தேகம். அவர் நேரம் கடத்துகிறார், பெண்ணுக்கு அலுத்துப்போகட்டும் என்று காத்திருக்கிறார். மறுபடி போனக்காடு ஏறி என் அம்மையைத் தோண்டுகிறார். இரண்டில் எது என்று ஆள் விட்டுப் பார்க்கலாமா என்றுகூட யோசித்தேன். அவரோடு பழகிப் பழகி நானும் தென்னைமரத்துக்குப் பின்னால் நிற்கிற ஆளாகிவிட்டேன்.

சித்திரை முகூர்த்தங்கள் நெருங்குகிற நேரம், ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம், கடையில் நிற்க இடமில்லை. பக்கத்துக் கடை முதலாளிகள் இரண்டு பேரும் ஏதோ பேச வந்திருந்தார்கள். வாசலில் அவர் தலை தெரிந்தது. கூடவே பட்டுக்கரை முண்டும் நேரியல் மேல்துண்டும் உடுத்த ஒரு அம்மாள். பயணக் களைப்பு, கையில் பை, இறுகின முகம். அவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு உள்ளே வந்தார்.

"அத்தான்," என்று கூப்பிட்டார்.

யாரைக் கூப்பிடுகிறார் என்று கடைப்பையன்கள் திரும்பிப் பார்த்தார்கள். நானும் திரும்பிப் பார்த்தேன்.

"உம்மைத்தான் அத்தான். இது எனக்க தங்கச்சி, நாகர்கோவில்லே இருக்கா. காலையிலே போயிக் கூட்டிக்கிட்டு வந்தேன். உக்கார ஒரு நாற்காலி போடச் சொல்லும்." அந்த அம்மாளிடம் திரும்பினார். "கேட்டியா, நான் சொன்னேனல்லே. இது நம்ம அத்தானாக்கும்."

அந்த அம்மாள் என் முகத்தை நெற்றியில் ஆரம்பித்து, மூக்கு, மீசை, தாடை என்று ஒவ்வொன்றாகப் பார்த்தாள். அவள் எதோடு வைத்துப் பார்க்கிறாள் என்று எனக்குத் தெரியும். நான் இந்தத் தடவை குனியவில்லை. நேராக நின்று முகத்தைக் காட்டினேன். அவள் கண் நிறைந்தது. கோபமா வேறெதுவுமா என்று என்னால் சொல்ல முடியாது.

"வாங்க மச்சினரே," என்றேன். "வாங்கம்மா."

அவர் குரல் தேவைக்கு மேல் உரக்க இருந்தது. சொல்லி முடித்ததும் கடை முழுக்க ஒரு தடவை பார்த்தார். பக்கத்துக் கடைக்காரர்கள், பில் போடுகிற பையன், அண்டா விலை கேட்டுக்கொண்டிருந்த ஆட்கள், ஒவ்வொருவர் முகமாக. எந்த வழியில் அத்தான் என்று யாராவது கேட்டுவிடுவார்களோ என்று பார்த்தார்.

யாரும் கேட்கவில்லை. நான் நாற்காலியைத் துடைத்துப் போட்டேன்.